பிரித்துத் தைக்காதவர்

அவர் இப்போது உயிரோடு இருக்கிறாரா என்று எனக்குத் தெரியாது. இருந்தால் நல்லது, இதைப் படிக்கட்டும். பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் அதையும் விளம்பரமாக எடுத்துக்கொள்கிற ஆள். எண்பதுகளில் விழுப்புரத்தில் தையல் கடை வைத்திருந்தார். ஊரே மாஸ்டர் என்றுதான் கூப்பிட்டது, நானும் அப்படியே எழுதுகிறேன். என்னிடமிருந்து அந்த ஆளுக்குக் கிடைக்கிற மரியாதை அந்த ஒரு வார்த்தைதான்.

ஆள் ஒல்லி. காதில் பென்சில், கழுத்தில் இன்ச் டேப், வாயில் எப்போதும் ஏதாவது ஒரு கதை. தொழில் தெரியாதவர் என்று வயிற்றெரிச்சலில்கூடச் சொல்ல மாட்டேன். கத்தரியைப் பிடித்தால் துணி தானாக வழிவிடும். ஆனால் தைத்ததில் தப்பு வந்துவிட்டால் அதைப் பிரித்துத் திரும்பத் தைக்கிற வழக்கம் மட்டும் அவரிடம் கிடையாது. கடையில் இரண்டு மெஷின் இருந்தது, இஸ்திரிப் பெட்டி இருந்தது. தையல் பிரிக்கிற பிளேடு ஒன்றை அங்கே நான் பார்த்ததே இல்லை.

என் கல்யாணத்துக்கு இரண்டு சட்டை தைக்கக் கொடுத்தேன். முதல் சட்டையை வாங்கப் போனால் பாக்கெட் வலது மார்பில் இருக்கிறது.

“இன்னாங்க மாஸ்டர், பாக்கெட்டு இந்தப் பக்கம் வந்துகினு இருக்குது?”

சட்டையை வாங்கி, தூக்கிப் பிடித்து, வேறு யாரோ தைத்ததைப் பார்க்கிற மாதிரி பார்த்தார். வேறு தையல்காரனாக இருந்தால் ஐந்து நிமிஷத்தில் பிரித்து இடது பக்கம் வைத்துக் கொடுத்திருப்பான்.

“இருக்கட்டும்பா. இன்னொரு சட்டை இருக்குது இல்ல? அதுலயும் வலது பக்கமே வெச்சிடறேன். ஒண்ணு அப்படி இருந்தாதான் தப்பு. ரெண்டும் அப்படி இருந்தா ஸ்டைலு.”

அப்படியே வைத்தும் கொடுத்தார். என் கல்யாண போட்டோவில் நான் இடது மார்பைத் தடவிக்கொண்டு நிற்பேன். சீப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். போட்டோவைப் பார்த்தவர்கள் மாப்பிள்ளைக்கு நெஞ்சுவலியா என்று என் மாமனாரிடமே கேட்டிருக்கிறார்கள்.

துணியோடு நின்றிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். அவருடைய மனைவி சண்டை போட்டுக்கொண்டு செஞ்சிப் பக்கம் வல்லத்துக்கு அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். போய்க் கூப்பிட்டிருந்தால் வந்திருப்பாள், நல்ல பெண். இவர் போகவில்லை. கேட்டவர்களிடம் மாமியாருக்கு உடம்பு சரியில்லை, பார்த்துக்கொள்ளப் போயிருக்கிறாள் என்றார். ஒரு மாதம் கழித்தும் கேட்டார்கள். மாமியார் தவறிவிட்டார் என்றார். எதிர்க்கடைக்காரர்கள் துக்கம் விசாரித்தார்கள், இவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அடுத்த வாரம் செத்துப்போன மாமியார் செஞ்சி பஸ்ஸில் வந்து இறங்கி, ஒரு பை மல்லாட்டையோடு நியாயம் கேட்கக் கடை வாசலில் நிற்கிறாள். தெருவே வாயைப் பிளந்தது. மாஸ்டர் அசரவில்லை. தெருவைப் பார்த்துச் சொன்னார்:

“இவங்க அவங்க தங்கச்சி. உருவம் அப்படியே இருக்குது பாருங்க.”

அந்த அம்மாள் பையிலிருந்த வேர்க்கடலையை அவர் மடியில் கொட்டிவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிப் போனாள். மனைவி கடைசிவரை வரவில்லை. அதற்கும் ஒரு கதை சொன்னார், எனக்கு அது ஞாபகமில்லை.

இந்த மாதிரி ஆளோடு நான் ஏன் சேர்ந்தேன் என்று கேட்பீர்கள். நான் ரைஸ் மில் ஃபிட்டர். பெல்ட், ஷாஃப்ட், கப்பி, கயிறு இதெல்லாம் என் கையில் இருக்கிற வேலை. மாஸ்டருக்கு நாடகப் பைத்தியம். அந்த வருஷம் சினிமாவில் மனுஷன் பறக்கிற படமாக வந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்துவிட்டு இவரும் ஒரு பறக்கும் நாடகம் எழுதினார். ‘ககன வீரன்’ என்று பெயர். பகலில் பஸ் ஸ்டாண்டில் சோடா விற்கிற ஒருவன், கெட்டவர்கள் தலையெடுத்தால் நீல அங்கி கட்டிக்கொண்டு பறந்து வந்து அடிப்பான். ஊரில் இருக்கிற இரும்பையெல்லாம் இழுத்துக்கொள்ளும் காந்தாசுரன் என்பவன் வில்லன். வீரனாக நடிக்க என் மச்சானைப் பிடித்தார். மச்சான் என்றால் என் மனைவியின் தம்பி. இருபத்திரண்டு வயது, கரும்பு எடை போடுகிற இடத்தில் வேலை. ஆள் பஞ்சு மாதிரி இருப்பான். தூக்குவதற்கு லேசு என்பதுதான் அவனுக்கு இருந்த முதல் தகுதி.

மாஸ்டர் வீட்டுக்கே வந்து கேட்டார். என் மனைவி உடனே ஒத்துக்கொள்ளவில்லை.

“எங்கம்மா சாவறப்ப அவனுக்கு மூணு வயசு. நான் இடுப்புல தூக்கி வளத்த புள்ள. கயித்துல கட்டித் தூக்கறோம்னு வந்து நிக்கிறீங்க,” என்றாள். பிறகு என்னைப் பார்த்தாள். “கயிறு உங்க கையில இருக்கும்னா போவட்டும். வேற யார் கையிலயாவது குடுத்தீங்கன்னா வேணாம்.”

என் கையில்தான் இருக்கும் என்றேன்.

மில் ஷெட்டில் ஒத்திகை. மில் பெல்ட்டை வெட்டி அவன் இடுப்புக்கு வார் செய்தேன். தேங்காய் நார்க் கயிறு, இரண்டு கிணற்று ராட்டினம். பத்து நாள் தூக்கி இறக்கினோம், ஒரு குறையும் இல்லை. நாடகத்தன்று சாயங்காலம் கோயில் மைதானத்தில் சவுக்குக் கம்பம் நட்டுப் பார்த்தால், மேடை மில் ஷெட்டைவிட ஆறு அடி உயரம். கயிறு பற்றவில்லை. வேறு கயிறு வாங்கிவர ஒரு மணி நேரம் கொடுங்கள் என்றேன். ஜனம் வந்துவிட்டது, ஒட்டுப் போடு என்றார் மாஸ்டர். துண்டுக் கயிறு ஒன்றைச் சேர்த்து முடிச்சுப் போட்டேன். போட்டது நான்தான், இல்லையென்று சொல்லவில்லை.

முடிச்சு போய் ராட்டினத்தில் மாட்டிக்கொண்டது. கிணற்று ராட்டினத்துக்கு வாய் சின்னது, முடிச்சு அதற்குள் இறுகி மேலேயும் போகவில்லை கீழேயும் வரவில்லை. ககன வீரன் எட்டடி உயரத்தில் கையை நீட்டிக்கொண்டு தொங்குகிறான். மெல்லத் திரும்பி ஜனத்துக்கு முதுகைக் காட்டினான். காந்தாசுரன் வேஷக்காரனுக்கு என்ன செய்வதென்று தெரியாமல் “வாடா கீழே!” என்ற வசனத்தையே நாலு தடவை சொன்னான். ஜனம் விழுந்து விழுந்து சிரித்தது. “யோவ் டெய்லரு, துணி காஞ்சிடுச்சி, எடுத்து மடி!” என்று ஒருத்தன் கத்தினான். ஏணி வைத்து இறக்கக் கால் மணி நேரம் ஆயிற்று.

மறுநாளிலிருந்து டீக்கடையில் நாடகத்தைக் கிழித்துத் தொங்கவிட்டார்கள். கயிற்றை மட்டுமில்லை. ஒன்றரை மணி நேரம் சோடாதான் விற்கிறான், பறக்கவே இல்லை என்றார்கள். அங்கி பெரிதாகிக் காலில் தடுக்குகிறது என்றார்கள். வில்லனைப் பார்த்தால் குழந்தைகூடப் பயப்படவில்லை என்றார்கள். எல்லாம் நியாயமான பேச்சு. மாஸ்டர் டீயை ஆற்றி ஆற்றிக் குடித்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டார்.

“ரெண்டாம் பாகம் வருது. அதுல எல்லாம் சரியாப் பூடும்,” என்றார்.

“மொதல் பாகமே சொத்தை. ரெண்டாம் பாகம் போட்டா அது எப்படி மாஸ்டர் நல்லதாவும்?” என்று நான் கேட்டேன்.

“ஃபிட்டரே, உனுக்கு மெஷினுதான் தெரியும். அவன் ஏன் அவ்ளோ நேரம் பறக்கல? பறக்கத் தெரியும்ன்றதே அவனுக்கு மறந்து பூட்டுது. மறதி வந்த கதை ரெண்டாம் பாகத்துல இருக்குது. அங்கி ஏன் நீளம்? அது செத்துப்போன அவங்க அப்பனோட அங்கி. வில்லன் ஏன் பயமா இல்ல? அவன் வில்லனே இல்ல, வில்லனோட எடுபிடி. அசல் ஆளு இனிமேதான் வரான்.”

ஒருத்தன் பாதி வடையோடு திரும்பி உட்கார்ந்தான்.

“அப்ப தொங்கினது?”

“காந்தக் கதிர்ல மாட்டிக்கினான். மொதல் பாகத்துல நீங்க பாத்தது பாதிதான்.”

இதுதான் அந்த ஆள். கதையில் இருக்கிற ஓட்டையைக் கதையால் அடைக்கலாம், அதை ஒத்துக்கொள்கிறேன். அடைக்கவும் தெரிந்தது அவருக்கு. கயிற்றில் போட்ட முடிச்சைக் கதையால் அவிழ்க்க முடியாது என்பது மட்டும் அவர் மண்டையில் ஏறவில்லை. வீட்டில் மச்சான் ராத்திரிச் சாப்பாட்டின்போது அந்த வசனங்களைச் சொல்லிச் சொல்லிப் பார்த்தான். அவனும் ஊரில் தலைகாட்ட முடியாமல்தான் இருந்தான். எடை போடுகிற இடத்தில் வண்டிக்காரர்கள் அவனைத் தராசில் தொங்கவிடட்டுமா என்று கேட்டார்களாம்.

திண்டிவனத்தில் ஒரு வாலிபர் மன்றம் ஆண்டு விழாவுக்கு இரண்டாம் பாகத்தைக் கூப்பிட்டது. தொங்கின நாடகம் என்று அங்கேயும் பேர் பரவியிருந்தது. சிரிப்பதற்காகவே டிக்கெட் இல்லாத நாடகத்துக்கு முன்கூட்டியே இடம் பிடித்து உட்கார்ந்தார்கள். விழுப்புரத்திலிருந்தும் ஒரு கூட்டம் பஸ் ஏறி வந்தது.

இந்த முறை நான் யாருக்கும் காது கொடுக்கவில்லை. பாண்டிச்சேரிக்குப் போய் ஒட்டில்லாத ஒரே நீளமாக நைலான் கயிறு வாங்கினேன். மில்லிலிருந்து அகல வாய் உள்ள இரும்புக் கப்பி இரண்டு. திண்டிவனம் மேடையில் காலையிலேயே கட்டி, ஒரு நெல் மூட்டையைப் பத்துத் தடவை தூக்கி இறக்கிப் பார்த்தேன். மூட்டை என் மச்சானைவிடக் கனம்.

ஆறரை மணிக்குத் தொடங்கினார்கள். உண்மையைச் சொல்கிறேன், நாடகம் நன்றாக இருந்தது. முதல் பத்து நிமிஷத்தில் மச்சான் பறந்தான். மேடையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு, அங்கி விரிய, காலைச் சேர்த்துக்கொண்டு பறந்தான். சிரிக்க வந்தவர்கள் கை தட்டினார்கள். மறதி வந்த கட்டத்தில் பெண்கள் மூக்கைச் சிந்தினார்கள். புது வில்லனைப் பார்த்து முன்வரிசைக் குழந்தை ஒன்று வீறிட்டு அழுதது. திரைக்குப் பக்கத்தில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்ற எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. இந்த ஆளைத் திட்டியது தப்போ என்றுகூட நினைத்தேன்.

இடைவேளையில் டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்து கயிற்றைக் கையில் எடுத்தால் நடுவில் ஒரு முடிச்சு இருக்கிறது. புதுக் கயிறு. வெட்டி, மறுபடியும் கட்டியிருக்கிறது. பக்கத்தில் மாஸ்டர் துணி வெட்டுகிற கத்தரியோடு நிற்கிறார்.

“இன்னா மாஸ்டர் பண்ணி வெச்சிருக்கீங்க?”

“அந்தக் கப்பி வாணாம்னு பழைய ராட்டினத்தை மாட்டச் சொல்லிட்டேன். இப்ப முடிச்சி அதே எடத்துல சிக்கும். சிக்கணும். அன்னிக்கி பாத்த ஜனம் அதையே இன்னிக்கும் பாக்கணும். அப்பாலதான் காந்தக் கதிர்னு சொன்னா நம்புவாங்க.”

“இது நார்க் கயிறு இல்லீங்க. நைலான் வழுக்கும், முடிச்சு நிக்காது. நீங்க சைகை காட்டுங்க, நான் கையாலயே நிறுத்திக்கிறேன்.”

“நீ நிறுத்தினா நடிப்பு. சிக்கினாதான் நெஜம். அவன் கத்தறப்ப வெடுக்குனு ஒரு இழு இழு, சிக்கு விட்டுக்கும்.”

திரை ஏறிவிட்டது. வெளியே வில்லன் சிரிக்கிறான். மச்சான் வாரை மாட்டிக்கொண்டு தயாராக நிற்கிறான். முகத்தில் பவுடருக்கு மேல் வேர்வை.

“மாமா, இழுங்க மாமா. ஜனம் காத்துக்கினு இருக்குது,” என்றான்.

முடிச்சைப் பார்த்தேன். அவனைப் பார்த்தேன். விழுப்புரத்தில் சிரித்தவர்கள் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தது தெரிந்தது. நான் இழுத்தேன்.

மேலே போனான். அதே உயரம், சிக்கியது. அன்று திரும்பிய மாதிரியே மெல்ல முதுகைக் காட்டினான். ஒருவரும் சிரிக்கவில்லை. வில்லன் காந்தக் கதிரைப் பற்றிச் சொன்னதும் மூன்றாவது வரிசையில் ஒருத்தன் “அடங்கொப்பன், அதுக்கா தொங்கினான்!” என்று வாய்விட்டுச் சொன்னது எனக்குக் கேட்டது. மாஸ்டர் என் தோளைத் தட்டினார். மச்சான் கையை முறுக்கிக்கொண்டு கத்தினான். நான் வெடுக்கென்று ஒரு இழு இழுத்தேன்.

முடிச்சு நழுவி, கயிற்றில் கனம் இல்லாமல் போயிற்று. என் கையில் இருந்த துண்டு அப்படியே தளர்ந்து காலடியில் விழுந்தது. வில்லன் உட்காருவதற்குப் போட்டிருந்த பெஞ்சின் விளிம்பில் மச்சான் இடுப்பு பட்ட சத்தம் கேட்டது. ஜனம் எழுந்து நின்று கை தட்டியது. அவ்வளவு பெரிய கைதட்டலை நான் எந்த நாடகத்துக்கும் கேட்டதில்லை. அவன் “அக்கா, அக்கா” என்று கத்துகிறான், அதற்கும் தட்டுகிறார்கள். நான் மேடைக்கு ஓடுகிறேன். எனக்கு முன்னால் மாஸ்டர் மைக்கைப் பிடித்துவிட்டார்.

“ககன வீரன் வீழ்ந்தான்! வீழ்த்தியது யார்? மூன்றாம் பாகத்தில் காணுங்கள்!”

இதற்காகவே அந்த ஆளை நான் மன்னிக்க மாட்டேன். ஒரு பையன் எலும்பு முறிந்து காலடியில் கிடக்கிறான், அடுத்த பாகத்துக்கு ஆள் சேர்க்கிறார்.

தொடை எலும்பு மேலே முறிந்திருந்தது. பாண்டிச்சேரிக்குக் கொண்டுபோனோம். மூன்று மாதம் படுக்கை. எழுந்தபோது வலது கால் ஒன்றரை அங்குலம் குட்டையாக இருந்தது. எடை போடுகிற இடத்தில் வேலை போயிற்று, பேசி வைத்திருந்த பெண் வீட்டாரும் போய்விட்டார்கள். என் மனைவி ஆஸ்பத்திரிக்கு வந்ததும் என்னிடம்தான் கேட்டாள், என்ன நடந்தது என்று. நான் டீ குடிக்கப் போன நேரத்தில் அந்த ஆள் கயிற்றை வெட்டிக் கட்டிவிட்டார் என்று சொன்னேன். மாஸ்டரை அவள் திட்டிய திட்டு வார்டு முழுக்கக் கேட்டது. நானும் கூடச் சேர்ந்து திட்டினேன். வயிறு எரிந்து திட்டினேன்.

அந்த ஆள் மட்டும் வெட்கமில்லாமல் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்தார். நான் வெளியே போய்விடுவேன். அவர் நாடகம் எழுதுகிற நோட்டை விரித்துக்கொண்டு கட்டிலில் உட்காருவார். என் மச்சான் முகம் மலரும். யாரும் அவனிடம் காலைத் தவிர வேறு எதையும் பேசாத அந்த மாதங்களில், அடுத்து உனக்கு என்ன நடக்கும் என்று பேசியவர் அவர் ஒருத்தர்தான். அதையும் சொல்லித்தான் ஆக வேண்டியிருக்கிறது.

மூன்றாம் பாகம் வளவனூரில், காணும் பொங்கல் அன்று பகலில். வீரன் இப்போது பறக்க மாட்டான். நாற்காலியில் உட்கார்ந்துகொண்டே எதிரிகளை ஜெயிப்பான். மச்சான்தான் வீரன். அக்கா வரவேண்டும் என்று அழுதான், அவள் போனாள். நான் போகவில்லை.

சாயங்காலம் ஆறு மணிக்குத் திரும்பி வந்தாள். காலைக் கழுவிவிட்டு அடுப்பை மூட்டினாள். கேப்பை மாவைக் கரைத்து வைத்தாள். நாடகம் எப்படி என்று நான்தான் கேட்டேன்.

“நல்லாத்தான் இருந்துச்சி. வீரன் ஏன் உழுந்தான்னு சொல்லிட்டாங்க.”

“ஏனாம்?”

“அவன் அக்கா புருஷன் வில்லனோட சேந்துகினு வேணும்னே கயித்தை உட்டுட்டானாம். அந்த வேஷக்காரனுக்கு நீலச் சட்டை, சட்டையெல்லாம் கிரீஸு. உங்க மில் சட்டை மாதிரியே தைச்சிருக்காரு.”

குனிந்து என் சட்டையைப் பார்த்தேன்.

“தம்பிதான் அதைச் சொன்னான். நாற்காலியில உட்காந்துகினு, கையை நீட்டி, அழுதுகினே சொன்னான். விழுப்புரத்து ஜனமெல்லாம் என்னைத் திரும்பிப் பாத்துச்சி.”

“நீ அதை நம்பறியா?”

“சேச்சே. அந்த ஆளு சொல்றதை யாரு நம்புவா?” என்றாள். களி கிண்டுகிற கோலை எடுத்தாள். கிண்டவில்லை, கையிலேயே வைத்திருந்தாள். “நீங்க வேணும்னு உட மாட்டீங்க. அது எனக்குத் தெரியாதா? ஆனா ஒண்ணு. வர்ற வழியெல்லாம் பஸ்ஸுல அதையே நெனைச்சிக்கினு வந்தேன். கயிறு உங்க கையிலதான இருந்துச்சி. இழுக்கறப்ப கை அந்த முடிச்சு மேல படாதா? நீங்க அதைப் பாக்கவே இல்லையா?”

மாஸ்டர் மேல் எனக்கு இருந்த ஆத்திரமெல்லாம் அந்த நேரத்தில் எங்கே போயிற்றென்று தெரியவில்லை. பாத்திரம் கொதித்துக்கொண்டிருந்தது. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“பாக்கல,” என்றேன்.